வழி மாறாமல் மொழி மாறட்டும்

'மோட்சப் பிரயாணம்' நூலை இன்றைய நடையில் திரும்பச் சொல்வது குறித்த ஒரு தியானப் பாடம்

வேதபகுதி: நெகேமியா 8:1-12, ஆபகூக் 2:2, மத்தேயு 7:13,14

சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த யூத ஜனங்கள், எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்பாக ஒருநாள் திரண்டு நின்றனர். ஆண்களும் பெண்களும், கேட்டு அறியத்தக்க வயதுடைய பிள்ளைகளும் அங்கே இருந்தனர். வேதபாரகனாகிய எஸ்றா காலை முதல் நண்பகல்வரை நியாயப்பிரமாணத்தை வாசித்தான். வாசித்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. லேவியர்கள் ஜனங்களிடையே நின்று, வாசிக்கப்பட்டதன் பொருளை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். விளங்கியபோது ஜனங்கள் அழுதார்கள். பின்பு, தங்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகளை உணர்ந்துகொண்டதினிமித்தம் மகிழ்ச்சி கொண்டாடப் புறப்பட்டுப் போனார்கள்.

லேவியர்கள் புதிதாக ஒரு நியாயப்பிரமாணத்தை எழுதவில்லை. கடினமானதென்று எந்தக் கட்டளையையும் விட்டுவிடவுமில்லை. சொல்லப்பட்டதைக் கேட்பவரின் காதுக்கும் இருதயத்துக்கும் கொண்டுசேர்த்தார்கள். வேதவசனத்துக்குரிய இடம் வேறு எந்தப் புத்தகத்துக்கும் இல்லை. ஆயினும் பரிசுத்தவான்கள் எழுதிவைத்துச் சென்ற நல்ல நூல்களை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறவர்களுக்கு, லேவியர்களின் இந்த ஊழியம் ஒரு மாதிரியாக இருக்கிறது.

அவ்வாறு திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வந்திருக்கிற நூல்களில் முதன்மையானது, ஜான் பனியன் எழுதிய 'மோட்சப் பிரயாணம்'. இருநூறுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்துள்ள இந்நூல், அது பிறந்த ஆங்கில மொழியிலேயே இன்று பலருக்கு அந்நியமாகிவிட்டது. 17-ம் நூற்றாண்டின் ஆங்கிலம் இன்றைய இளைஞருக்கு முதல் பத்துப் பக்கங்களிலேயே களைப்பை உண்டாக்குகிறது. ஆகவே அதை இன்றைய எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் முயற்சிகள் பல நடந்திருக்கின்றன. இம்முயற்சி சரியானதா? சரியானதென்றால் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது?

1. எளியோர் பேச்சில் பிறந்த நூல்

ஜான் பனியன் 1628-ம் ஆண்டு, இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரத்துக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனாரைப் போலவே அவரும், ஊர் ஊராகச் சென்று உடைந்த பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் கன்னார் வேலை செய்தவர். கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிடையாது. முதல் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தவை, பக்திவழியைப் பற்றிய இரண்டு புத்தகங்கள் மாத்திரமே.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு சாதாரணச் சம்பவம். வேலைநிமித்தம் பெட்ஃபோர்டு வீதியில் நடந்தபோது, மூன்று நான்கு ஏழைப் பெண்கள் ஒரு வாசலில் வெயில் காய்ந்துகொண்டு, தேவன் தங்கள் ஆத்துமாக்களில் செய்த கிரியையைக் குறித்துப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். மதக்காரியங்களை அவரும் பேசக்கூடியவர்தான். ஆனால் அப்பெண்கள் பேசியது அவர் அறியாத ஓர் உலகத்தைப் பற்றியதாக இருந்தது. பண்டிதர் சபையில் கிடைக்காத வெளிச்சம், வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த எளியவர்களின் வாய்மொழியில் அவருக்குக் கிடைத்தது.

1660-ம் ஆண்டு நவம்பர் மாதம், அரசாங்கத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக அவர் கைதுசெய்யப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கழிந்தன. காலணிக் கயிறுகளுக்கு உலோக முனை பொருத்தி விற்று, வெளியிலிருந்த குடும்பத்துக்குச் சிறிது உதவினார். பார்வையற்ற மகள் மேரியை நினைக்கும்போது, எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோன்ற வேதனை உண்டாயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தச் சிறைவாசக் காலத்தில்தான் 'மோட்சப் பிரயாணம்' உருவாகத் தொடங்கியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அது 1678-ல் இலண்டனில் அச்சாயிற்று.

தம் நடையைக் குறித்துப் பனியன் தெளிவான எண்ணம் உடையவராயிருந்தார். 1666-ல் வெளியான தன்வரலாற்றின் முகவுரையில், தன்னால் இதைவிட உயர்ந்த அலங்கார நடையில் எழுத முடியும் என்றும், ஆனால் தேவன் தன்னை உணர்த்தியபோது விளையாடவில்லை, சாத்தான் சோதித்தபோதும் விளையாடவில்லை, ஆகையால் தானும் விளையாடாமல் நடந்ததை நடந்தபடியே எளிமையாகச் சொல்வதாகவும் கூறுகிறார். 'மோட்சப் பிரயாண'த்தின் நடையும் அத்தகையதே. பண்ணையாட்களும் தையற்காரரும் வேலைக்காரிகளும் பேசிய ஆங்கிலம் அது. பனியன் 1688-ல் மரிப்பதற்குள் முதல் பாகம் பதினொரு பதிப்புகளைக் கண்டது.

இந்த நூலை எளிய மொழியில் சொல்வது, ஆசிரியரின் நோக்கத்துக்கு விரோதமானது அல்ல. எளியோர் வாசிக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அன்று எளிதாயிருந்த மொழி இன்று கடினமாகிவிட்டதென்றால், அதை அப்படியே வைத்திருப்பதுதான் அவருடைய எண்ணத்துக்கு மாறானதாகும்.

பனியனே தம் நூலைத் திருத்தியிருக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. கிறிஸ்தியானை வழிவிலகச் செய்யும் லோகஞானி முதல் பதிப்பில் இல்லை. அதே ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில்தான் அவன் வருகிறான். சிலுவையண்டைக்குப் போகாமல், நல்லொழுக்கம் என்னும் கிராமத்திலேயே சுமையை இறக்கிவிடலாம் என்பது அவன் உபதேசம். அந்த அபாயத்தை வாசகர் தெளிவாகக் காணவேண்டும் என்று ஆசிரியர் விரும்பினார் போலும்.

2. சொற்களும் மூப்படைகின்றன

மொழி மாறும்போது, பழைய சொல் விளங்காமற்போவது ஒரு தொல்லை. விளங்குவதுபோலத் தோன்றி, வேறு பொருளைக் கொடுப்பது அதைவிடப் பெரிய தொல்லை. இந்நூலிலிருந்தே மூன்று உதாரணங்களைக் காணலாம்.

நாசபுரியை விட்டுப் புறப்படும் கிறிஸ்தியான் முதலாவது சேரவேண்டிய இடத்தைப் பனியன் 'விக்கெட் கேட்' என்று அழைக்கிறார். பெரிய கதவுக்குள்ளோ அதன் அருகிலோ அமைந்த சிறுவாசல் என்பது அதன் பொருள். தமிழில் இதற்குத் திட்டிவாசல் என்னும் அழகான சொல் உண்டு. இன்றைய பிள்ளைகளோ 'விக்கெட்' என்றவுடன் கிரிக்கெட்டைத்தான் நினைப்பார்கள். இடுக்கமான வாசலைக் குறித்து ஆண்டவர் சொன்ன வார்த்தை அவர்கள் நினைவுக்கு வராது.

சிலுவையைக் கடந்து சற்றுத் தூரத்தில், காலில் விலங்குடன் மூவர் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுடைய பெயர் 'சிம்பிள்'. இன்று அச்சொல்லுக்கு எளிமையானவன் என்று நல்ல பொருள் கொள்கிறோம். பனியன் எழுதிய இடத்தில் அதற்குப் பேதை என்று பொருள். நீதிமொழிகள் எச்சரிக்கிற பேதையே அவன். பழைய சொல்லை அப்படியே விட்டால், எளிமையாய் வாழ்கிறவன் ஏன் விலங்கிடப்பட்டான் என்று வாசகர் திகைப்பார்.

மூன்றாவது உதாரணம் மிக முக்கியமானது. சந்தேகத் துருக்கத்தின் தலைவன், அவநம்பிக்கையின் முடிவாகிய மனமுறிவைக் குறிக்கும் ஓர் இராட்சதன். அவன் மனைவியின் பெயர் 'டிஃபிடன்ஸ்'. இன்றைய ஆங்கிலத்தில் அது கூச்சத்தை, பேசத் தயங்கும் சுபாவத்தைக் குறிக்கும். 17-ம் நூற்றாண்டில் அது விசுவாசமின்மையையும் தேவனை நம்பத் தயங்குவதையும் குறித்தது. ஒவ்வொரு இரவும் அந்த இராட்சதனுக்கு ஆலோசனை சொல்கிறவள் அவளே. மனமுறிவு தன் பலத்தைத் தேவன்மேலுள்ள அவநம்பிக்கையிலிருந்து பெறுகிறது என்பதே பனியன் கற்பிக்கும் பாடம். கூச்சசுபாவமுள்ள ஒரு பெண் இவ்வளவு கொடுமை செய்வாளா என்று வாசகர் எண்ணினால், பாடம் முழுவதும் போயிற்று.

ஆகவே சொல்லை மாற்றாமல் வைத்திருப்பதே உண்மையுள்ள செயல் என்று எப்போதும் சொல்ல முடியாது. சில வேளைகளில் பொருளைக் காப்பதற்காகவே சொல்லை மாற்ற வேண்டியிருக்கிறது.

3. திரும்பச் சொன்னவர்கள்

இந்நூலை மாற்றி எழுதும் வழக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. 1743-ல் ஜான் வெஸ்லி இதைச் சுருக்கி வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளரும் ஏழை நெசவாளரும் வாங்கிப் படிக்கத்தக்க சிறு நூல்கள் தேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

1811-ல் ஜோஷுவா கில்பின் என்னும் போதகர் வேறொரு நோக்கத்துடன் புறப்பட்டார். பனியனுடைய நடை கரடுமுரடானது என்று கருதி, அதைக் கண்ணியமான நடைக்கு உயர்த்தி ஒரு பதிப்பை வெளியிட்டார். எளியோரின் புத்தகத்துக்கு அவர் பட்டாடை உடுத்தினார். இன்று அந்தப் பதிப்பைத் தேடுவோர் சிலரே. கன்னாருடைய கரடுமுரடான வாக்கியங்களோ இன்னும் வாழ்கின்றன.

19-ம் நூற்றாண்டில் மேரி கோடால்பின் என்னும் பெயரில், வாசிக்கப் பழகும் சிறுவர்களுக்காக, ஓரசைச் சொற்களாலேயே அமைந்த ஒரு பதிப்பு வந்தது. 1947-ல் ஹெலன் டெய்லர் கதையின் மாந்தரைப் பிள்ளைகளாகவே மாற்றி எழுதினார். 1964-ல் ஜேம்ஸ் தாமஸ் 'இன்றைய ஆங்கிலத்தில்' என்னும் அடைமொழியுடன், வளர்ந்தவர்களுக்கான பதிப்பை வெளியிட்டார். பின்வந்த ஆண்டுகளிலும் இவ்வரிசை தொடர்ந்தது.

இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட வாசகரை மனக்கண்முன் வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் கீழே இறங்கி வந்து கைகொடுத்தார்கள். அதுவே நல்ல மறுகூறலின் முதல் இலக்கணம்.

4. ஒரு காட்சி, எளிய நடையில்

இதுவரை கண்டதை ஒரு காட்சியில் பொருத்திப் பார்க்கலாம். சந்தேகத் துருக்கத்தின் கதையைச் சுருக்கமாகவும் எளிமையாகவும் சொன்னால் இவ்வாறு அமையும்.

கிறிஸ்தியானும் அவன் தோழன் நம்பிக்கையும் நடந்து நடந்து களைத்திருந்தார்கள். பாதை கரடாக இருந்தது. பக்கத்தில் ஒரு பசும்புல் வெளி. வேலியைத் தாண்டினால் கால் நோகாமல் நடக்கலாம் என்று கிறிஸ்தியான் சொன்னான். தோழன் தயங்கினான், பிறகு இணங்கினான். இரவு வந்தது. மழையும் இடியும் வந்தன. வழி தெரியாமல் ஓரிடத்தில் படுத்து உறங்கினார்கள். காலையில் ஓர் இராட்சதன் அவர்களைப் பிடித்துத் தன் கோட்டையின் இருட்டறையில் அடைத்தான். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவுவரை ஒரு துண்டு அப்பமோ ஒரு துளி தண்ணீரோ இல்லை. மனைவியின் யோசனைப்படி இராட்சதன் அவர்களைத் தடியால் அடித்தான். மறுநாள், இனி விடுதலை இல்லை, உங்கள் உயிரை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்றான். கிறிஸ்தியானின் மனம் தளர்ந்தது. தோழனோ, கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளை நம் உயிருக்கும் பொருந்தும். சாவிகள் எல்லாம் இவன் கையில் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்போம் என்று அவனைத் தேற்றினான். சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்கி, விடியும் வேளைவரை ஜெபித்தார்கள். அப்பொழுது கிறிஸ்தியான் திடுக்கிட்டு, 'நான் எவ்வளவு பெரிய முட்டாள்! என் மார்பிலேயே ஒரு சாவி இருக்கிறதே!' என்றான். அந்தச் சாவியின் பெயர் வாக்குத்தத்தம். கதவுகள் திறந்தன. கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகவும் கடினமாய்த் திரும்பியது; ஆயினும் திறந்தது.

இந்தக் காட்சியில் மொழி எளிதாயிற்று. ஆனால் எது விடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவறு செய்தவன் அறிவிலி அல்ல, சிலுவையண்டையில் பாரம் நீங்கப்பெற்ற விசுவாசியாகிய கிறிஸ்தியானே. அவன் மரணத்தை விரும்பும் அளவுக்குச் சோர்ந்தான் என்பதையும் பனியன் மறைக்கவில்லை. மறைத்திருந்தால், அதே இருட்டறையில் இன்று கிடக்கிற ஒரு விசுவாசிக்கு இந்தப் பக்கங்கள் உதவியிரா. தனக்கு நேர்ந்தது வேறு எந்தப் பரதேசிக்கும் நேர்ந்ததில்லை என்றே அவர் எண்ணியிருப்பார். தோழனுடைய துணையும், விடியுமட்டும் செய்த ஜெபமும், வாக்குத்தத்தத்தின் சாவியும் அவரைச் சேரவேண்டுமானால், இருட்டறையும் அப்படியே சொல்லப்பட வேண்டும்.

கடைசிப் பூட்டைக் குறித்து ஒரு சிறு செய்தி உண்டு. அது எவ்வளவு கடினமாய்த் திரும்பியது என்பதைச் சொல்லப் பனியன் பயன்படுத்திய சொல், ஆக்கினைத்தீர்ப்பைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. அது வசைச்சொல்போல் ஒலிக்கிறதென்று பிற்காலப் பதிப்பாளர் சிலர் மென்மையான வேறொரு சொல்லை வைத்தனர். அந்தக் கதவுக்குள்ளேயே இருந்துவிட்டால் நேரிடுவது நித்திய நஷ்டம் என்ற எச்சரிப்பு, அந்த மாற்றத்தில் மறைந்துபோயிற்று. ஒரே ஒரு சொல்லின் மாற்றத்திலும் இவ்வளவு காரியம் அடங்கியிருக்கிறது.

5. மாற்றலாகாதவை

அ. பாரச்சுமை. கிறிஸ்தியானின் முதுகில் இருந்தது பாவத்தின் பாரம். வாழ்க்கைப் பிரச்சினை, மனஅழுத்தம், கவலை என்று அதை இன்றைய சொற்களில் மாற்றிவிடுவது எளிது. அப்படி மாற்றினால், அந்தச் சுமை ஏன் சிலுவைக்கு முன்பாக மட்டும் அவிழ்ந்து, வெறுமையான கல்லறைக்குள் உருண்டு விழுந்தது என்பதற்கு விடை இராது. கவலையை இறக்கிவைக்க உலகத்தில் பல இடங்கள் உண்டு. பாவம் நீங்குவதற்குக் கல்வாரியைத் தவிர வேறு இடம் இல்லை.

ஆ. கஷ்டகிரி. மலையடிவாரத்தில் வழி மூன்றாகப் பிரிகிறது. நேர்வழி செங்குத்தாக மலைமேல் ஏறுகிறது. இடமும் வலமும் செல்லும் சமவழிகளின் பெயர்கள் அபாயம், அழிவு. சுவரேறிக் குதித்து வந்த இருவர் ஆளுக்கொரு சமவழியைத் தெரிந்துகொண்டு காணாமற்போகிறார்கள். கிறிஸ்தியான் முதலில் ஓடுகிறான், பிறகு நடக்கிறான், முடிவில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி ஏறுகிறான். வாசகருக்கு அந்த மூச்சுத்திணறல் தெரியவேண்டும்.

இ. மாயாபுரிச் சந்தை. அங்கே உண்மை என்னும் பரதேசி நியாயம் விசாரிக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, இறுதியில் எரிக்கப்படுகிறான். அவனுக்கென்று ஆயத்தமாயிருந்த இரதம் அவனை மேலே கொண்டுபோகிறது. கொடுமையான காட்சி என்று இதை நீக்கிவிட்டால், அதே விசாரணையில் அவனுடைய சாட்சியைக் கண்டு மனந்திரும்பிய நம்பிக்கை என்பவன் கதையில் தோன்றுவதற்கே காரணம் இல்லாமற்போகும். இரத்தசாட்சியின் சாம்பலிலிருந்து ஒரு புதிய பயணி எழும்புகிறான்.

ஈ. நீண்ட உரையாடல்கள். சுருக்க முற்படுகிறவர்கள் முதலில் வெட்டுவது இவற்றைத்தான். ஆனால் மயக்கநிலம் என்னும் இடத்தில் கண்கள் சொருகும்போது, பரதேசிகள் உறங்காதிருக்கக் கண்டுபிடித்த வழியே உரையாடல்தான். நம்பிக்கை தான் இரட்சிக்கப்பட்ட விதத்தைச் சொல்கிறான். அதைக் கேட்டுக்கொண்டே இருவரும் நிலத்தைக் கடக்கிறார்கள். உரையாடலைச் சுருக்கலாம். முற்றிலும் நீக்கினால் மருந்தை நீக்கி நோயை மாத்திரம் வைத்ததாகும்.

உ. வசன ஆதாரங்கள். பனியன் தம் நூலின் பக்க ஓரங்களில் வேதவசனக் குறிப்புகளை நிரப்பியிருக்கிறார். கனவு என்று தொடங்கும் கதை, வேதத்தின்மேல் கட்டப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி. புதிய பதிப்புகளில் இவை விடுபட்டால் கதை மிஞ்சும், அஸ்திபாரம் மறைந்துவிடும்.

ஊ. அறிவீனனின் முடிவு. வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் உதவியால் ஆற்றை எளிதாய்க் கடந்த அறிவீனன், பரமநகரத்தின் வாசலைத் தட்டுகிறான். அவனிடம் சுருள் இல்லை. பரலோக வாசலண்டையிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி உண்டு என்பதைக் கனவு கண்டவர் அப்போது காண்கிறார். கிறிஸ்தியானின் வெற்றிப் பிரவேசத்தோடு கதையை முடித்துவிடப் பலருக்கும் ஆசை வரும். ஆனால் எச்சரிப்பைக் கடைசிப் பக்கத்தில் வைத்தவர் ஆசிரியரே.

6. புகைவண்டியில் ஒரு மோட்சப் பிரயாணம்

வழியை எளிதாக்கினால் என்ன ஆகும் என்பதை 1843-ல் அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்ன் ஒரு நையாண்டிக் கதையாக எழுதிக்காட்டினார். பரமநகரத்துக்கு இருப்புப்பாதை போடப்பட்டுவிட்டது என்பது அக்கதையின் கற்பனை. நம்பிக்கையிழவு உளையின்மேல் பாலம் எழும்பியிருக்கிறது. தத்துவ நூல்களையும் நீதிநூல்களையும் உளைக்குள் கொட்டி அதற்கு அடித்தளம் அமைத்திருக்கிறார்கள். கஷ்டகிரியைக் குடைந்து சுரங்கப்பாதை செய்து, வெட்டியெடுத்த மண்ணால் தாழ்மையின் பள்ளத்தாக்கைத் தூர்த்துவிட்டார்கள். பயணிகள் முதுகில் சுமை இல்லை. அவை சாமான் பெட்டியில் பத்திரமாக ஏற்றப்பட்டிருக்கின்றன, பயணம் முடிந்ததும் உரியவர்களிடம் ஒப்படைக்கப்படும். வண்டியை ஓட்டுகிறவனோ கிறிஸ்தியானின் பழைய சத்துருவாகிய அப்பொல்லியோன்!

வெளியே இரண்டு பரதேசிகள் பழைய வழியிலே கால்நடையாய்ப் போவதைக் கண்டு வண்டியிலிருப்போர் சிரிக்கிறார்கள். கடைசியில் ஆற்றங்கரையில் படகு ஏறிய பிறகுதான், எல்லாவற்றையும் மென்மையாக்கிக் காட்டிய வழிகாட்டி தங்களுடன் வரவில்லை என்பது பயணிக்குத் தெரிகிறது. அந்தச் சமயத்தில் அவன் திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறான். அது கனவாயிருந்ததற்காகத் தேவனுக்கு நன்றி சொல்கிறான்.

சாமான் பெட்டியில் ஏற்றப்பட்ட சுமை பயண முடிவில் திரும்ப ஒப்படைக்கப்படும் என்ற ஒரு குறிப்பே போதும். பாவத்தைக் குறித்துப் பேசாத பிரசங்கம் செய்வது இதையே. கேட்பவர் இலகுவாய் உணர்கிறார். சுமையோ அவர் பெயரில் பத்திரமாக இருக்கிறது.

7. இந்திய மண்ணில்

இந்திய மொழிகளிலும் இந்நூலுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. செராம்பூரில் வில்லியம் கேரியின் மகன் ஃபெலிக்ஸ் கேரி இதை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். தமிழில் சாமுவேல் பவுல் ஐயரின் உரைநடை மொழிபெயர்ப்பு பல குடும்பங்களில் ஜெபவேளைகளில் வாசிக்கப்பட்டு வந்தது. வைணவக் குடும்பத்தில் 1827-ல் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, இதே கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தை இயற்றினார். அது 1894-ல் வெளிவந்தது.

ஐயர் உரைநடையில் சொன்னார். கவிஞரோ காப்பிய நடையில் ஊறிய தமிழ் அறிஞரை மனதிற்கொண்டு விருத்தங்களில் பாடினார். கேட்பவர் வேறு; ஆகவே மொழியும் வேறு. இருவருடைய நூலிலும் சிலுவை அதே இடத்தில்தான் நிற்கிறது.

இன்று தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஆங்கிலவழிக் கல்வி பெறுகிறார்கள். ஐயருடைய தமிழும் அவர்களுக்குக் கடினம், பனியனுடைய ஆங்கிலமும் கடினம். தாத்தா பாட்டிமார் கண்ணீரோடு வாசித்த புத்தகம், புரியாத மொழியின் காரணமாக அலமாரியில் உறங்கவேண்டியதில்லை. எளிய ஆங்கிலமோ எளிய தமிழோ, எதில் விளங்குமோ அதில் அவர்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்குமுன் பெற்றோர் கடைசிப் பக்கத்தையும், சிலுவையின் பக்கத்தையும், சந்தேகத் துருக்கத்தின் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கட்டும். அவை முழுமையாய் இருந்தால் நூல் முழுமையாய் இருக்கிறது. அதன்பின் ஒரு நாளைக்கு ஒரு பகுதியாக, பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பது இன்னும் சிறந்தது. லேவியர்கள் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை, ஜனங்களோடு நின்றார்கள்.

வேறு மொழி பேசும் மக்களிடையே பணியாற்றும் ஊழியருக்கும் இது பொருந்தும். உளையும் மலையும் சந்தையும் எந்தக் கிராமத்தாருக்கும் தெரிந்தவை. அவர்களுடைய பேச்சில், அவர்களுடைய சந்தையின் பெயரில் கதையைச் சொல்லலாம். தரிசனத்தை ஓடுகிறவனும் வாசிக்கும்படி தெளிவாய் எழுதச் சொன்ன தேவன், தரிசனத்தைக் குறைத்து எழுதும்படி ஆபகூக்கிடம் சொல்லவில்லை.

கன்னாராகிய பனியனைத் தட்டியெழுப்பியது வெயில் காய்ந்துகொண்டிருந்த ஏழைப் பெண்களின் பேச்சு. அவர்களுடைய பெயர்கள் எந்தப் புத்தக அட்டையிலும் அச்சிடப்படவில்லை. தேவன் தங்களுக்குச் செய்ததைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் அவர்கள் பேசினார்கள். வழியே போன ஒருவர் கேட்டார். அதைப்போல நம் வீட்டு வாசலிலும், பேருந்திலும், அலுவலகத்திலும் நாம் பேசும் எளிய சாட்சியைக் கேட்டுக்கொண்டு செல்கிற ஒருவர், இன்று முதுகில் சுமையோடு இருக்கக்கூடும்.

சிந்தனைக்கும் ஜெபத்துக்கும்

1. நெகேமியா 8-ம் அதிகாரத்தில் ஜனங்கள் முதலில் அழுததற்கும் பின்பு மகிழ்ந்ததற்கும் காரணம் என்ன? என் வேதவாசிப்பில் இவ்விரண்டும் உண்டா?

2. என் பாரம் சிலுவையண்டையில் அவிழ்ந்து விழுந்ததா? அல்லது சாமான் பெட்டியில் ஏற்றி வைத்திருக்கிறேனா?

3. சந்தேகத் துருக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு நான் நம்பிக்கை என்னும் தோழனாக இருக்கிறேனா? அவருடன் விடியுமட்டும் ஜெபிக்க ஆயத்தமா?

4. சுவிசேஷத்தைப் பிள்ளைகளுக்கோ அயலகத்தாருக்கோ சொல்லும்போது, எளிமைக்காக எதையாவது விட்டுவிடுகிறேனா?